நாலு காலும் அந்தரத்தில்

எங்கள் ஸ்டுடியோவின் முன்னறையில், கல்யாண ஜோடிகளுக்கும் காதுகுத்துக் குழந்தைகளுக்கும் நடுவே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. மண் பாதை, ஓரத்தில் வேலிக்கருவேல், படத்தின் வலது விளிம்பில் ஒரு நாயின் வாலும் இரண்டு பின்னங்கால்களும். மீதி நாய் சட்டத்தைத் தாண்டி ஓடிப்போய்விட்டது. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு அண்ணாச்சி மாட்டி வச்சிருக்கீக?" என்று கேட்காமல் போவதில்லை.

அது 1979ல், எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது எடுத்தது. மாட்டியவர் அப்பா. என் முகத்தில் கரி பூசத்தான் மாட்டினார்.

ராஜபாளையத்துப் பக்கம் எங்கள் ஊர். பக்கத்துத் தோட்டத்தில் செவலை என்று ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, சாட்டை மாதிரி வால். காலையில் சங்கிலியைக் கழற்றிவிட்டால் கண்மாய்க் கரைவரை ஒரே ஓட்டம். அதைப் படம் பிடித்தே தீருவது என்று அப்பாவுக்குத் தெரியாமல் யாஷிகா மேட்டை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஆர்வோ ரோல், 125 வேகம். ஒரு ரோலுக்கு 12 படம்.

யாஷிகா மேட் மாதிரி இரட்டை லென்ஸ் கேமராவைப் பிடித்துப் பழகியவர்களுக்கு அதன் கோணல் தெரியும். இடுப்புக்கு நேராக வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். உட்கார்ந்திருக்கும் மணமகளுக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஓடுகிற நாய்க்கு அதுதான் எல்லாம். செவலை வலப்பக்கம் ஓடும்போது கண்ணாடியில் அது இடப்பக்கம் ஓடியது. நான் அதைத் துரத்திக் கேமராவை இடப்பக்கம் திருப்பினேன். நாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பன்னிரண்டில் பதினொன்று வெறும் புழுதி. பன்னிரண்டாவதில் வால்.

டார்க்ரூமின் சிவப்பு விளக்கில் அப்பா காண்டாக்ட் பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு ரோலு என்ன விலைன்னு தெரியுமாடா?" என்றார். மறுநாள் விடியுமுன் அவரே என்னை எழுப்பிக் கண்மாய்க்குக் கூட்டிப் போனார். மேல்மூடியின் முன்தகட்டை உள்ளே தள்ளி, பின்னால் இருந்த சதுர ஓட்டையைக் காட்டினார். அதன் வழியே கண்ணை ஒட்டிப் பார்த்தால் கண்ணாடி குறுக்கே வராது, இடம் இடமாகவே தெரியும். விளையாட்டுப் போட்டி எடுப்பவர்களுக்காக வைத்த வசதி அது. பிறகு பாதையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். "கல்லுக்கு ஃபோகஸ் வையி. நாயைப் பாக்காத, கல்லைப் பாரு. நாய் கல்லுக்கு வரும்."

அன்று அப்பா சொன்ன இன்னொரு கணக்கும் நினைவில் நிற்கிறது. உச்சி வெயிலில் 125 வேக ஃபிலிமுக்கு ஷட்டரை ஐநூறில் வைத்தால் அபர்ச்சர் எஃப் 8. தாராளம். விடிகாலையில் வெளிச்சம் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. எஃப் 2.8 வேண்டும். யாஷிகாவில் இருப்பதோ 3.5 தான். "நாய் ஓடுற நேரத்துல வெளிச்சம் இருக்காது. வெளிச்சம் இருக்கிற நேரத்துல நாய் ஓடாது" என்றார். எங்கள் சீமை வெயிலில் பதினோரு மணிக்கு எந்த நாய் ஓடும்? உள்ளங்கால் வெந்துவிடும்.

இந்தக் கல்லும் இந்தக் கணக்கும் அப்பாவின் கண்டுபிடிப்பு என்றுதான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எட்வர்ட் மைபிரிட்ஜின் படங்கள் அச்சான தடிப் புத்தகம் ஒன்று கிடைத்தபோதுதான், இரண்டுக்கும் நூறு வருஷ வயது என்று தெரிந்தது.

மைபிரிட்ஜ் 1830ல் லண்டனுக்கு அருகே கிங்ஸ்டனில் பிறந்து, கலிபோர்னியாவுக்குப் போய்ப் புகைப்படக்காரர் ஆனவர். தன் பெயரின் எழுத்துகளையே பலமுறை மாற்றிக்கொண்டவர். மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றுவிட்டு 1875ல் வழக்கிலிருந்து விடுதலையானவர். அவருக்குப் பணம் கொடுத்தவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட். ரயில்வே முதலாளி, முன்னாள் கவர்னர், குதிரைப் பைத்தியம். ஓடுகிற குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இதற்காக இருபத்தைந்தாயிரம் டாலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. பணக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தால் நாம் உடனே அதற்குப் பந்தயத் தொகை ஒன்றைச் சேர்த்துவிடுகிறோம்.

1878 ஜூன் மாதம் பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில் நடந்ததை ஒரு ஸ்டுடியோக்காரனாக யோசித்துப் பார்க்கிறேன். ஓட்டப் பாதையின் ஒரு பக்கம் நீளக் கொட்டகை, அதில் வரிசையாக 12 கேமராக்கள். எதிர்ப்பக்கம் சாய்வாக வெள்ளைத் திரை. தரையில் சுண்ணாம்பு தூவி அதையும் வெளுப்பாக்கியிருந்தார்கள். பாதைக்குக் குறுக்கே நூல்கள். குதிரை நூலை அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு நூலும் ஒரு மின்சுற்றை மூடி ஒரு ஷட்டரை விழச் செய்யும். இந்த மின் ஏற்பாட்டுக்கு உதவியவர் ஸ்டான்ஃபோர்டின் ரயில்வேயில் இருந்த ஜான் ஐசக்ஸ் என்ற இளம் பொறியாளர். அப்பா போட்ட கல்தான் அந்த நூல். மிருகத்தைத் துரத்தாதே, அது வந்து சேரும் இடத்தில் காத்திரு.

அப்போது ஃபிலிம் கிடையாது. ஈரத் தகடு. கண்ணாடியில் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் கேமராவில் செருகி, படமெடுத்து, காய்வதற்குள் டெவலப் செய்துவிட வேண்டும். ஒரு தகட்டுக்கே வியர்த்துப்போகும் வேலை. இங்கே 12 தகடு, ஒரே நேரத்தில், குதிரை கிளம்பத் தயாராக இருக்கும்போது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அவர்கள் கண் முன்னாலேயே எடுத்து, அங்கேயே கழுவிக் காட்டினார். சாலி கார்ட்னர் என்ற பெண்குதிரை ஓடும்போது சேணத்தின் வார் அறுந்துவிட்டது. கழுவிய தகட்டில் அறுந்த வாரும் தெரிந்தது. சந்தேகப்பட வந்தவர்கள் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

சாலி கார்ட்னரின் படத்தை மைபிரிட்ஜ் அட்டையாக அச்சிட்டு விற்றார். அதில் அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார். கேமராக்களுக்கு இடையே 27 அங்குலம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் சுமார் இருபத்தைந்தில் ஒரு வினாடி. ஒவ்வொரு தகட்டிலும் ஒளி பட்ட நேரம் இரண்டாயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைவு. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். இன்று ஒரு பையன் தன் நாயை ஓடவிட்டுப் படம் பிடிக்க வேண்டும் என்று வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஷட்டரை இரண்டாயிரத்தில் வை, தொடர் படத்தை வினாடிக்கு இருபதுக்கு மேல் வை. 1878ல் அந்த மனிதர் வைத்த செட்டிங் அப்படியே!

அவரிடம் இல்லாதது ஐ.எஸ்.ஓ. மட்டும்தான். ஈரத் தகட்டின் வேகத்தை இன்றைய அளவில் சொன்னால் சுமார் ஒன்று, இரண்டு. அந்த ஷட்டருக்கு கலிபோர்னியா ஜூன் வெயிலும் காணாது. அதனால்தான் வெள்ளைத் திரை, அதனால்தான் சுண்ணாம்பு. அப்படியும் குதிரை ஒரு கறுப்பு நிழலாகத்தான் பதிந்தது. குதிரையின் கண்ணோ ரோமமோ தெரியாது. கால் எங்கே இருந்தது என்பது மட்டும் தெரியும். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அந்தப் படங்கள் ஓவியர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தன. அதுவரை ஓடுகிற குதிரையை வரைந்தவர்கள் எல்லாம் முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னே நீட்டி, வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போல அந்தரத்தில் வரைந்தார்கள். ஜெரிகோ 1821ல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தயம் இன்றும் லூவ்ரில் இருக்கிறது. நாலு குதிரையும் அப்படித்தான் மிதக்கின்றன. மைபிரிட்ஜின் தகடு சொன்னது வேறு. நாலு காலும் தரையை விட்டு எழுவது உண்மை. ஆனால் எழும் நேரத்தில் கால்கள் நீண்டிருக்காது. வயிற்றுக்கு அடியில் சுருட்டி வைத்ததுபோல் ஒன்றாகக் கூடியிருக்கும். நீட்டியபடி குதிரை ஒருபோதும் மிதப்பதில்லை. புகைப்படம்தான் பொய் சொல்கிறது, ஓவியன் சொல்வதே மெய் என்று ரோதின் வாதாடிப் பார்த்தார். மெய்சோனியே போன்றவர்கள் படங்களைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள்.

இதுவரை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் புத்தகத்தில் ஆசை விழுந்த பக்கம் குதிரைப் பக்கம் இல்லை.

மைபிரிட்ஜ் 1879ல் பாலோ ஆல்டோவிலேயே நாய்களையும் ஓடவிட்டு எடுத்தார். பிறகு பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவில் 1884லிருந்து பெரிய அளவில் வேலை நடந்தது. இப்போது உலர் தகடு வந்துவிட்டது, அதாவது ஜெலட்டின் பூசிய தகடு. இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் மாடக்ஸ் 1871ல் தொடங்கி வைத்து, பின்னால் வந்தவர்கள் வேகம் கூட்டியது. முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், ஈரத் தகட்டைவிடப் பல மடங்கு வேகம். மிருகத்தின் உடம்பில் தசையும் ரோமமும் தெரியத் தொடங்கின. 1887ல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் 781 பெரிய தட்டுகள். மனிதர்களும் மிருகங்களுமாகச் சுமார் இருபதாயிரம் தனிப்படங்கள். அதில் டிரெட் என்ற மாஸ்டிஃப் நாய் நடக்கிறது. மேகி என்ற வெள்ளை வேட்டைநாய் நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது.

மேகியை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பாய்ச்சலில் அது இரண்டு தடவை தரையை விடுகிறது. ஒரு தடவை குதிரை மாதிரி நாலு காலையும் வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொண்டு. அடுத்த தடவை, பின்னங்கால் உதைத்த உதையில், முன்னங்கால் முன்னே நீள, பின்னங்கால் பின்னே நீள, உடம்பு தரையோடு ஒரு கோடாக. ஜெரிகோவின் குதிரை அதேதான்! ஓவியர்கள் காலங்காலமாகக் குதிரைக்கு வரைந்த அந்தப் பொய், நாய்க்கு மெய். கிரேஹவுண்டு, சிறுத்தை மாதிரி வளைகிற முதுகெலும்பு உள்ள ஓட்டக்கார மிருகங்களுக்கு இந்த இரட்டை மிதப்பு உண்டு. எங்கள் சிப்பிப்பாறைக்கும் கன்னி நாய்க்கும் அதே உடம்பு, அதே ஓட்டம். கிரேக்கத்தில் திரின்ஸ் அரண்மனைச் சுவரில் மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே காட்டுப்பன்றி வேட்டையை வரைந்த ஒருவன், நாய்களை அப்படி நீட்டித்தான் வரைந்திருக்கிறான். அவன் நாயைச் சரியாகப் பார்த்தவன். பின்னால் வந்தவர்கள் நாயைப் பார்த்துக் குதிரையை வரைந்துவிட்டார்களோ என்பது என் சந்தேகம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. சுருட்டிய படம் வேண்டாம். அந்த நீட்டிய படம் வேண்டும்.

ஆசை வந்த பிறகுதான் ஷட்டரின் சரித்திரமும் எனக்குச் சொந்தக் கதையாயிற்று. பாரிசில் மரே என்ற உடலியல் அறிஞர் 1882ல் துப்பாக்கி வடிவக் கேமரா செய்து வினாடிக்கு 12 படம் எடுத்ததும், பிறகு ஒரே தகட்டில் அசைவுகளை அடுக்கடுக்காகப் பதித்ததும் பெரிய கதை. மைபிரிட்ஜும் அவரும் பிறந்ததும் 1830, இறந்ததும் 1904. எனக்கு வேண்டியவர் இவர்கள் இருவருமில்லை. பிரஷ்யாவில் லிசா என்ற ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒட்டோமார் அன்ஷூட்ஸ்தான் என் ஆள். கூட்டருகே பறக்கிற நாரைகளை 1884ல் எடுத்துப் பேர் வாங்கியவர். தகட்டுக்கு நேர் முன்னால் ஒரு துணித் திரை, திரையில் ஒரு குறுகிய பிளவு. திரை ஓட ஓடப் பிளவு வழியே தகடு பட்டை பட்டையாக ஒளி பெறும். இதற்கு 1888ல் காப்புரிமை வாங்கினார். ஆயிரத்தில் ஒரு வினாடி, ஒருவர் கையில் தூக்கிப் போகும் கேமராவில். கொட்டகையும் நூலும் வெள்ளைத் திரையும் இல்லாமல் ஒரு தனி மனிதன் நாயின் பின்னால் போவதற்கு வழி அங்கேதான் திறந்தது.

அந்தப் பிளவுக்கு ஒரு குறை உண்டு. தகட்டின் ஒரு விளிம்பு முந்தியும் மறு விளிம்பு பிந்தியும் ஒளி பெறுவதால், வேகமாக ஓடும் பொருள் சாயும். லார்டீக் என்ற பிரெஞ்சுக்காரர் இளைஞராக இருந்தபோது எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டையாகி முன்னே சாய்கிறது, ஓரத்தில் நிற்கும் ஜனங்கள் பின்னே சாய்கிறார்கள். கேமராவைக் காரோடு திருப்பிய விளைவு. குறைதான் அந்தப் படத்துக்கு வேகத்தைக் கொடுத்தது. அதே லார்டீக் 1912ல் டூப்பி என்ற குட்டி நாய் அந்தரத்தில் போவதையும் எடுத்திருக்கிறார். வீட்டு நாயை விளையாட்டாக எடுத்த படங்களில் என் மனசுக்கு அதுதான் முதல்.

அதே 1912ல் இத்தாலியில் பல்லா என்ற ஓவியர் வாரில் கட்டிய குட்டைக்கால் நாய் ஒன்றை வரைந்தார். காலும் வாலும் வாரும் பத்து மடங்காகி, பனைமட்டை விசிறி மாதிரி விரிந்து கிடக்கும். மரேயின் அடுக்குப் படங்களைப் பார்த்துத் தெளிந்தவர். ஷட்டரை முப்பதில் ஒன்றுக்கு இறக்கி, நாயோடு சேர்ந்து கேமராவைத் திருப்பினால் எனக்கும் அப்படி வரும். தலை நிற்கும், கால் கரையும், பின்னால் உள்ள கருவேலங்காடு கோடு கோடாக ஓடும். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஷேக் ஆயிடுச்சே அண்ணாச்சி" என்பார்கள். பல்லாவின் பேரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பதால் பேசாமல் வேறு படம் கொடுத்துவிடுவேன்.

கணக்கை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாய் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்குப் பதினான்கு மீட்டர். கேமராவை அசைக்காமல் ஷட்டரை 125ல் வைத்தால் அந்த நேரத்துக்குள் நாய் 11 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஐநூறில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். ஆயிரத்தில் ஒன்றரை. இரண்டாயிரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இது உடம்புக்கு. காலின் சங்கதி வேறு. தரையில் ஊன்றிய பாதம் அந்த நொடியில் அசையாது. மண்ணை விட்டு எழுந்து முன்னே வீசும் பாதம் உடம்பைவிட வேகமாகப் போகும். அப்பாவின் யாஷிகாவில் ஐநூறுக்கு மேல் கிடையாது. அந்தக் காலத்து நெகட்டிவ்களை இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் ஊன்றிய காலின் நகம்கூடத் தெரிகிறது, வீசிய கால் பஞ்சாக இருக்கிறது. எனக்கு வேண்டிய படத்தில் ஊன்றிய கால் என்று ஒன்றுமே இல்லை. நாலும் வீசிய கால்.

நிக்கான் எஃப்.எம்.2 வந்தது 1982ல். ஷட்டர் நாலாயிரம் வரை. அதற்கு முன் வேறு எந்த 35 எம்.எம். எஸ்.எல்.ஆர். கேமராவிலும் இல்லாத வேகம். என் கைக்கு அது பழைய சரக்காக 1991ல் வந்தது. செவலை போய், செவலையின் பேத்தி ஓடிக்கொண்டிருந்த காலம். இனி வந்துவிடும் என்று நினைத்தேன். ரோல் ரோலாக எடுத்தேன். சுருட்டிய படம் வந்தது, இறங்கும் படம் வந்தது, மண் தெறிக்கும் படம் வந்தது. நீட்டிய படம் வரவில்லை.

காரணம் புரியச் சில வருடங்கள் ஆயின. இந்த ஜாதி நாய் வினாடிக்கு மூன்றரைப் பாய்ச்சல் பாயும். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்த வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் நாய் அடுத்த நிலைக்குப் போய்விடும். பார்த்து அழுத்தினால் பார்த்தது வராது. அதோடு அந்த வகைக் கேமராவில் ஷட்டர் திறக்கும்போது உள்ளே கண்ணாடி மேலே எழுந்து வியூஃபைண்டரை மறைத்துவிடும். ஆகவே நீட்டிய நாயைக் கண்ணால் பார்த்தேன் என்றால், அது ஃபிலிமில் இல்லை என்றே அர்த்தம். எத்தனை தடவை "ஆகா!" என்று துள்ளியிருக்கிறேன். துள்ளிய தடவை எல்லாம் வெறும் ரோல்.

நிறம் வேறு தொல்லை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ராஜபாளையம் நாய் பால் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். ஃபிரேமை அடைத்துக்கொண்டு வந்தால் மீட்டர் ஏமாந்து அதை அழுக்கு வேட்டியாக்கிவிடும். கருவேலங்காட்டுக்கு முன்னால் சின்னதாக ஓடினால் காட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, நாயைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கிவிடும். கன்னி நாய் கறுப்பு, அதற்கு எல்லாம் நேர்மாறு. ஆகவே ஓட்டப் படத்துக்கு மீட்டரை நம்பாமல், நாய் ஓடப்போகும் இடத்து வெளிச்சத்தை முன்னாலேயே அளந்து, கையால் வைத்துவிட வேண்டும். 2005ல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு நாலு தபால் தலை வெளியிட்டது. இமாலயன் ஷீப் டாக், ராம்பூர், முதோல், ராஜபாளையம். எங்கள் ஊர்ப் பேர் தபால் தலையில். அதை வாங்கி மீட்டர் பையிலேயே வைத்திருக்கிறேன்.

2018ல் வேட்டைநாய் ஒன்று வரும் 'பரியேறும் பெருமாள்' சினிமா வந்த பிறகு ஸ்டுடியோவுக்கு நாயோடு வரும் பையன்கள் கூடிவிட்டார்கள். முன்பெல்லாம் இந்த நாய்கள் முயல் வேட்டைக்குப் போகும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு வழியில்லை. இப்போது நாய் ஓடுவதே படத்துக்காகத்தான். கையில் நல்ல கேமராவே வைத்திருக்கிறார்கள், படம்தான் வரவில்லை. வாங்கிப் பார்த்தால் ஷட்டர் 200ல் இருக்கும், ஃபோகஸ் ஒருமுறை பூட்டி நிற்கும் நிலையில் இருக்கும், நின்றபடி மேலிருந்து எடுத்திருப்பார்கள். "தம்பி, மொதல்ல படு" என்பேன். நாயின் கண்மட்டத்துக்குக் கேமரா இறங்கினால்தான் அடிவயிற்றுக்குக் கீழே ஆகாயம் தெரியும், கால் தரையில் இல்லை என்பது தெரியும். மேலிருந்து எடுத்தால் பறக்கிற நாயும் படுத்த நாயும் ஒன்று.

தானே ஃபோகஸ் செய்யும் கேமராக்களில் மினோல்டா 7000 வந்தது 1985ல். நாய் அடுத்து எங்கே இருக்கும் என்று கணித்து ஓடும் நுட்பம் 1988 வாக்கில் சேர்ந்தது. பக்கவாட்டில் ஓடும் நாய்க்கு இவை போதும். நேராக நம்மை நோக்கி ஓடிவரும் நாய்தான் வெகுகாலம் எல்லாரையும் ஏமாற்றியது. சிப்பிப்பாறையின் மூஞ்சி ஒரு சாண் நீளம். 200 எம்.எம். லென்ஸில் எஃப் 2.8 வைத்து, நாய் ஐந்து மீட்டருக்குள் வந்துவிட்டால், தெளிவாக விழும் ஆழம் அரைச் சாண்தான். கேமரா மூக்கைப் பிடித்துக்கொள்ளும், கண் பனி மூடிக் கிடக்கும். எஃப் 5.6 வரை போய், இழந்த வெளிச்சத்தை ஐ.எஸ்.ஓ.வில் வாங்கிக்கொள் என்பதுதான் அதற்கு நான் சொல்லிவந்த வைத்தியம். 2019ல் சோனி தன் கேமராக்களில் மிருகத்தின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியைக் கொடுத்தது, பின்னால் மற்றவர்களும் கொடுத்தார்கள். கறுப்பு முகத்தில் கறுப்புக் கண் உள்ள கன்னி நாயிடம் அது இன்னும் தடுமாறுகிறது. பகலில் பரவாயில்லை.

என் மகள் வாங்கியிருப்பது அப்படிப்பட்ட கேமரா. கண்ணாடி எழும் சங்கதியே இல்லை, சத்தமும் இல்லை, வினாடிக்கு 20 படம். போன மார்கழியில் கண்மாய்க் கரையில் அவளும் நானும் படுத்தோம். அவள் கையில் அது, என் கையில் எஃப்.எம்.2. வீட்டு நாய் வேலனை மருமகன் அக்கரையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் விசிலடித்தாள். எலியட் எர்விட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் நாயைப் படம் பிடிக்கத் தானே குரைப்பாராம். அவள் விசிலுக்கே வேலன் பறந்து வந்தான். அரை நிமிஷத்தில் 600 படம்.

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். முதல் தொகுப்பில் கரையோரப் பனைமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வந்த வினை. அன்ஷூட்ஸின் பிளவு, லார்டீக்கின் கார், நூறு வருஷம் கழித்து எங்கள் பனைமரம். (ஒட்டுமொத்தச் சில்லும் ஒரே நொடியில் படிக்கும் கேமரா 2023ல் வந்துவிட்டது. விலையைக் கேட்டு நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.) இரண்டாவது தொகுப்பை மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்திருந்தாள். தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, "அப்பா, இந்தா" என்று திருப்பிக் காட்டினாள்.

முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே, வால் கடைசிவரை நேராக, காது தலையோடு ஒட்டி. வயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு முழம் வெளிச்சம். அடியில் நிழல் தனியாகக் கிடந்தது. நாற்பத்தைந்து வருஷம் நான் தேடியதை அவள் காப்பி ஆறுவதற்குள் எடுத்துவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது என்று சொல்லாவிட்டால் பொய்.

"உங்க ரோல்ல இன்னும் படம் இருக்காப்பா?" என்றாள்.

ஒன்று மிச்சம் இருந்தது. முப்பத்தாறாவது. மறுபடி கண்மாய்க்குப் போனோம். பாதையின் நடுவில் ஒரு கல்லைப் போட்டேன். கல்லுக்கு ஃபோகஸ் வைத்தேன், ஷட்டரை இரண்டாயிரத்தில் வைத்தேன், குப்புறப் படுத்தேன். "நாயைப் பாக்காத, கல்லைப் பாரு" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விசில் கேட்டது. மண் அதிர்வது நெஞ்சுக்கூட்டில் தெரிந்தது. வேலன் கல்லுக்கே வந்தான். வந்து நின்றான். கல்லை மோந்து பார்த்தான். நான் அழுத்தினேன்.

பிரிண்ட் போட்டுப் பார்த்தால் ரோமம் ரோமமாக அவ்வளவு தெளிவு. கல் தெளிவு, கண் தெளிவு, மூக்கின் ஈரம் தெளிவு. மூன்று கால் தரையில். ஒரு கால் அந்தரத்தில், கல்லுக்கு மேலே.